கேட்டுக்கிட்ட ஏழு நிமிஷம்

இல்லைங்க சார், கையெழுத்துப் போட மாட்டேன்னு நான் சொல்லவே இல்லையே. படிச்சுட்டுப் போடுறேன்னுதான் சொன்னேன். நான் ஒரு காலி சிலிண்டரைத் திருப்பி வாங்கினாக்கூட அடியைப் புரட்டிப் பார்த்துட்டுத்தான் வண்டியில ஏத்துவேன். நீங்க என்னோட வாக்குமூலத்தை மூணு வரியில அடிச்சு வெச்சுக்கிட்டு, கீழ ஒரு பெருக்கல் குறியைப் போட்டு, இங்கன்னு விரலை வெச்சுக் காட்டுறீங்க. மூணு வரியில அடங்குற விஷயமா சார் இது?

என்ன போட்டிருக்கீங்க, கொஞ்சம் இப்படித் திருப்புங்க. மேற்படி நாளில் காலை மேற்படி கேட் பூட்டியிருந்த காரணத்தால் நான் அங்கே ஏழு நிமிடம் நின்றேன். சரி. பரிசோதனைக் குழாய் முழு நேரமும் என் கையிலேயே இருந்தது. சரி. இது எனக்கு முன்னாடி வந்துட்டுப் போனானே வாட்ச்மேன், அவன் பேப்பரைப் பார்த்து அடிச்சதுதானே? தெரியும். அவனை நாங்க விசில்னுதான் கூப்பிடுவோம். எந்நேரமும் வாயில வெச்சிருப்பான், ஊதி ஒரு நாளும் பார்த்ததில்லை. இன்னைக்குத்தான் ஊதியிருக்கான் போல.

மூணு மணிக்குள்ள உள்ள கொடுக்கணுமா. இப்ப ரெண்டு பத்து. ஐம்பது நிமிஷத்துல நான் எத்தனையோ பேரம் முடிச்சிருக்கேன், கவலைப்படாதீங்க.

இந்தக் கதவு என்ன, வெளிய போறதுக்கும் உங்க கார்டுதானா? நல்லாயிருக்கு. ஜன்னல் கிடையாது, மின்விசிறி கிடையாது, மேல அந்த ஓட்டையில இருந்து குளிர்காத்து மட்டும் நேரா என் பிடரியில இறங்குது. போனையும் வாசல்லயே வாங்கி வெச்சுட்டாங்க. நான் குறை சொல்லலைங்க. என் குரலே இப்படித்தான். வீட்டுல நான் குடிக்கத் தண்ணி கேட்டாலே பக்கத்து வீட்டுல கதவைச் சாத்துவாங்க. சண்டைன்னு நினைச்சுக்கிட்டு.

சண்டையும் போடுவேன், அதை மறைக்கல. பதினாலு வயசுல சிலிண்டர் உருட்ட வந்தவன். இந்த இடது கால் சுண்டுவிரல் நகம் இருக்க வேண்டிய இடத்துல தோல்தான் இருக்கு, பார்க்குறீங்களா? வேண்டாமா. சரி. அது மேல சிலிண்டர் விழுந்த அன்னைக்கு முதலாளி சொன்னது, சிலிண்டருக்கு ஒண்ணும் ஆகலையே. அன்னைக்கே முடிவு பண்ணினேன், நமக்குன்னு ஒரு வண்டி, நமக்குன்னு ஒரு பேரு. அந்தப் பேருக்காக எவன் சட்டையையும் பிடிப்பேன். என் கேஸ்ல கலப்படம்னு சொன்ன ஒரு ஆஸ்பத்திரி மேனேஜரை அவன் நாற்காலியோட சேர்த்துத் தூக்கி வராந்தாவுல வெச்சவன் நான். இப்ப அந்த ஆஸ்பத்திரிக்கும் நான்தான் கொடுக்குறேன்.

இந்தக் கண்ணாடியில மேல எல்லாம் வெள்ளைத் தாள் ஒட்டி மறைச்சிருக்கீங்க, கீழ ஒரு சாண் மட்டும் விட்டுட்டீங்க. அது வழியா நாலு ஜோடி கால் தெரியுது. மூணு ஷூ, விசாரிக்க வந்த கமிட்டிக்காரங்க. நாலாவது மேடத்தோடது, நான் கேஸ் கொடுக்குற இந்த லேபோட விஞ்ஞானி. வலது காலைச் செருப்புல இருந்து எடுக்குறாங்க, திருப்பி விடுறாங்க. எடுக்குறாங்க, விடுறாங்க. நான் வந்து உட்கார்ந்ததுல இருந்து அதேதான். என்னை எதுக்கு சார் சரியா இங்க உட்கார வெச்சீங்க?

அவங்க மேல என்ன புகார்னு உங்களுக்குத் தெரியுமா? தாள்ல இருக்குறது இல்லைங்க, விஷயம். ம். வராத ரிசல்ட்டை வந்ததா எழுதிட்டாங்க, ஊரையே ஏமாத்திட்டாங்கன்னு சொல்றீங்க. மூணு மணிக்கு அவங்களை மோசடிக்காரின்னு எழுதப் போறாங்களா இல்லையா, அவ்வளவுதானே. அப்படி எழுதிட்டா இந்த உலகத்துல எந்த லேபும் அவங்களை உள்ள விடாது. பதினேழு வருஷப் படிப்பு. இதைத் தெரிஞ்சுக்கிட்டு அந்தப் பேனாவை நீட்டுங்க.

சரி, வராத ரிசல்ட்டுன்னா எது? தெரியாது. யாருக்கும் தெரியாது. நான் சொல்றேன், எட்டாங்கிளாஸ் பெயிலு, நான் சொல்றேன் கேளுங்க.

நான் கொண்டு வந்து கொடுக்குற ஹைட்ரஜன் இருக்கே, அது தனியாத் திரியாது, ஜோடியாத்தான் திரியும். ஒவ்வொண்ணும் ஒரு குட்டிக் காந்தம்னு வெச்சுக்கோங்க. சில ஜோடி ரெண்டும் ஒரே திசையைப் பார்க்கும். சில ஜோடி எதிரும் புதிருமா நிக்கும். நல்லா உறைய உறையக் குளிர வெச்சு ஒரு கறுப்புப் பொடி வழியா விட்டா எல்லாம் எதிரும் புதிருமா ஆயிடும். அதுக்குப் பேரு பாராஹைட்ரஜன். அதை மருந்துத் தண்ணியில குமிழ் குமிழா விடுவாங்க. உள்ள ஒரு தரகர் இருப்பார், அதுவும் ஒரு ரசாயனம்தான். கேஸ்கிட்ட இருக்குற ஒழுங்கை வாங்கி மருந்துகிட்ட கொடுத்துடுவார். தரகு வேலை எனக்குப் புரியும். வேலை முடிஞ்சதும் தரகரைத் துரத்திடணும், இல்லைன்னா கொடுத்ததை அவரே உருவிக்கிட்டுப் போயிடுவார். மேடம் இதைச் சொன்னப்ப நான் அரை நாள் சிரிச்சேன்.

இதனால என்ன லாபமா? சந்தையில ஆயிரம் பேர் ஆளுக்கொரு விலை கத்தினா தெருமுனைக்கு வெறும் இரைச்சல்தான் வரும். ஆயிரம் பேரும் ஒரே விலையை ஒரே நேரத்துல கத்தினா? அந்த மருந்து ஸ்கேன் மெஷின் காதுக்கு அப்படிக் கேட்கும். உடம்புல கட்டி எங்க இருக்கு, கொடுத்த சிகிச்சையை அது கேட்குதா கேட்கலையா, ஒரே நிமிஷத்துல தெரிஞ்சுடும். மாசக்கணக்கா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

ஆனா கத்துறவனுக்குத் தொண்டை எவ்வளவு நேரம் தாங்கும்? நாப்பது செகண்ட். நான் முதல்ல வந்தப்ப நாப்பதே செகண்ட். அப்புறம் ஒவ்வொருத்தனும் பழையபடி அவனவன் விலைக்குப் போயிடுவான்.

மேடத்தோட வேலையே இந்த நாப்பதை நீட்டுறதுதான். எனக்கு அது பிடிச்சுப் போச்சு சார். பேரம்தானே. எதிராளி முகமே தெரியாத பேரம். தண்ணியில கரைஞ்சிருக்குற காத்து நேரத்தைத் திங்குதுன்னாங்க, நைட்ரஜனை விட்டுக் காத்தைத் துரத்தினோம். ஐம்பத்தஞ்சு. சாதாத் தண்ணிக்குப் பதிலா கனநீர், அதுல காந்தத் தொல்லை கம்மி. ஒண்ணரை நிமிஷம். அப்புறம் இரும்பு. நிலைக்கதவு, கட்டில், தள்ளுவண்டி, இரும்பைத் தாண்டும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் செத்துப் போகுது. அதுக்கு ஒரு பெட்டி செஞ்சேன். நான் செஞ்சேன், என் கையால. பிளாஸ்டிக் குழாய், சுத்திச் செம்புக் கம்பி, கீழ பேட்டரி, முன்னால ஒரு சிவப்பு விளக்கு. குழாய்க்குள்ள மருந்து ட்யூபை வெச்சா வெளிய எந்த இரும்பு வந்தாலும் உள்ள காந்தம் ஒரே நிதானமா இருக்கும். விளக்கு எரியிற வரைக்கும் பெட்டி வேலை செய்யுது. அதை வெச்சு மூணு நிமிஷம் வந்தோம். இந்தப் பெட்டி ஒரு நாளும் ஏமாத்தாது மேடம்னு நெஞ்சைத் தட்டிச் சொல்லிக் கொடுத்தேன்.

மூணு போதாது. நோயாளிங்க இருக்குற கட்டடம் ரோட்டுக்கு அந்தப் பக்கம். ஹைட்ரஜனை அவங்க பக்கத்துல வைக்க விடமாட்டாங்க, வெடிக்கும். தயாரிச்சு, சோதிச்சு, ரோட்டைத் தாண்டி, ஊசியில ஏத்த ஆறு ஏழு நிமிஷமாவது வேணும். மூணுக்கும் ஏழுக்கும் நடுவுல மூணு வருஷம் முட்டிக்கிட்டு நின்னோம்.

நின்னோம்னு சொல்றேன். நான் யாரு, கேஸ்காரன். ஆனா அவங்க என்னை அண்ணான்னுதான் கூப்பிடுவாங்க. அவங்க பொண்ணு ரெண்டு வயசு, என்னைக் கேஸ் மாமாங்கும். கேஸ்னு சொல்ல வராது, கேச்சு மாமா.

வரேன், வரேன். அந்த நாளுக்குத்தான் வரேன்.

இடத்தைச் சொல்லிடுறேன், அப்பத்தான் உங்களுக்குப் புரியும். கேஸ் கொட்டகை பின்னால. சோதனைக் காந்தம், அதாவது மருந்து இன்னும் கத்துதான்னு திரையில கோடாக் காட்டுற மெஷின், அது இருக்குற கட்டடம் முன்னால. நடுவுல மதில், மதில்ல இரும்புக் கேட். மாடி வழியா ஒரு பாலம் இருக்கு, ஆனா அது முழுக்க இரும்பு, ட்யூபோட அதுல போனா பாதியிலேயே செத்துடும். அதனால ஆள் பாலத்துல போகலாம், ட்யூப் கீழ கேட் வழியாத்தான் போகணும். மேடத்துக்கு அப்ப ஏழாவது மாசம். ஓட முடியாது. ஓடுறவன் நான்.

அன்னைக்குக் காலையில வால்வைத் திறந்து, குமிழ் விட்டு, பத்து மணி பதினோரு நிமிஷத்துக்கு மூடியாச்சு. யார் மூடினாங்களா? தாள்ல மேடம்னுதானே போட்டிருக்கு. சாவி அவங்ககிட்ட மட்டும்தான் இருக்கணும், அது விதி. மேடம் பாலத்து வழியா அந்தப் பக்கம் போறாங்க, நான் பெட்டியோட கீழ ஓடுறேன். சாதாரணமா ஒண்ணரை நிமிஷத்துல போய்ச் சேருவேன். அன்னைக்கு எட்டரை நிமிஷம் ஆச்சு. கேட் பூட்டியிருந்துச்சு, விசிலைக் காணோம்னு சொன்னேன். மேடம் தலையில கையை வெச்சுக்கிட்டாங்க. மருந்து அதுதான் கடைசிச் சொட்டு, அடுத்தது வர நாலு மாசம் ஆகும். செத்துப் போனதுதான், இருந்தாலும் உள்ள விட்டுப் பார்ப்போம்னு விட்டாங்க.

திரையில கோடு நிமிர்ந்து நின்னுச்சு சார். எட்டரை நிமிஷக் கிழவன், ஒண்ணரை நிமிஷக் குழந்தை மாதிரி. மேடம் அப்படியே சுவத்தோட சரிஞ்சு தரையில உட்கார்ந்துட்டாங்க. வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாங்க, கண்ணுல தண்ணி. அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, அண்ணா, எங்க நின்னீங்க, சரியா எந்த இடம்னு கேட்டாங்க.

காட்டினேன்.

அதுல இருந்து பிடிச்சதுதான் சனியன். கேட்டோட இரும்பும் பூமியோட காந்தமும் பெட்டியோட காந்தமும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு அந்த ஒரு இடத்துல ஏறக்குறைய ஒண்ணுமில்லாமப் போயிருக்கணும், அப்படி ஒரு அமைதியில ஜோடி பூட்டிக்கும், பூட்டிக்கிட்டா வெளித் தொல்லை எதுவும் தொடாதுன்னாங்க. இது கற்பனை இல்லைங்க, புத்தகத்துல இருக்குற விஷயம்தான். அதனாலதான் எல்லாரும் நம்பினாங்க. விளக்கு எப்படி எரிஞ்சுதுன்னு கேட்டாங்க. மங்கலான்னு ஒரு வார்த்தை சொன்னேன். அந்த மங்கலுக்கு அஞ்சு மாசம் போச்சு. எத்தனை மங்கல்னு.

அந்த இடத்துல தரையில சுண்ணாம்பால வட்டம் போட்டாங்க. மழையில அழியுதுன்னு பெயிண்ட். வாரத்துக்கு ஒரு நாள் என்னை அந்த வட்டத்துல நிக்க வைப்பாங்க. அதே சட்டை. அதே செருப்பு, அதுல ஆணி இருக்கோ என்னமோன்னு. இடது கையா வலது கையான்னாங்க, இடதுன்னேன், ஒரு மாசம் இடது கை. யாராவது பக்கத்துல இருந்தாங்களான்னாங்க, இல்லைன்னேன். நூத்திப் பதினாலு தடவை நின்னிருக்கேன் சார் அந்த வட்டத்துல, கையில பெட்டியை வெச்சுக்கிட்டு, ஏழு நிமிஷம். சும்மா நின்னு பாருங்க, ஏழு நிமிஷம் எவ்வளவு நீளம்னு தெரியும். ஒவ்வொரு தடவையும் கொண்டு போய்க் கொடுத்தா திரையில கோடு படுத்தே கிடக்கும். மேடம் என்னைப் பார்த்து, பரவாயில்லைண்ணா, நீங்க என்ன பண்ணுவீங்கன்னுவாங்க.

கட்டடத்துக்காரங்க கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தாங்க, மேடம் குறுக்க நின்னு தடுத்தாங்க. கீலுக்கு எண்ணெய் போடக்கூட விடல. அப்புறம் அதே மாதிரி இன்னொரு கேட் செஞ்சு லேபுக்குள்ளேயே நிறுத்தணும்னாங்க, நான்தான் வெல்டிங் பண்ணிக் கொடுத்தேன். சும்மா கொடுத்தேன். சிரிக்காதீங்க. என்னைத் தெரிஞ்ச எவன்கிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, நான் ஒரு வாஷரைக்கூட எவனுக்கும் சும்மா கொடுத்தது கிடையாது. என் வீட்டுக்காரியே வாயில கை வெச்சா. உடம்புக்கு ஏதாவது பண்ணுதான்னு தொட்டுப் பார்த்தா.

விசில் கதையைக் கேளுங்க. அவனைக் கூப்பிட்டுத் திட்டப் போறாங்கன்னு நடுங்கிக்கிட்டு வந்தான். நான் பூட்டவே இல்லைங்கன்னு சத்தியம் பண்ணினான். மேடம் அவன் கையைப் பிடிச்சுக் குலுக்கி, நீ பூட்டினதாலதான்யா இவ்வளவும்னு சொல்லி ஒரு புதுச் சட்டை கொடுத்தாங்க. பார்த்தான். சட்டையையும் பார்த்தான், மேடத்தையும் பார்த்தான். ஆமாங்க, நான்தான் பூட்டினேன், டீ குடிக்கப் போனேன்னான். இப்ப அவனே நம்புறான். அன்னைக்குக் கொஞ்சம் தூறல்னு வேற இங்க எழுதிக் கொடுத்திருக்கானே. நல்ல வெயிலுங்க.

மேடத்தோட வீட்டுக்காரருக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சுது, நல்ல வேலை. வா போகலாம்னார். இவங்க எப்படிப் போவாங்க? கேட்டைத் தூக்கிட்டுப் போக முடியுமா? அவர் போனார். ஞாயித்துக்கிழமை வந்துட்டுப் போவார். இப்ப அதுவும் மாசத்துக்கு ஒரு ஞாயிறு. இங்க வேற ரெண்டு பேர் செஞ்சு பார்த்தாங்க, வெளியூர்ல மூணு லேப் செஞ்சு பார்த்தாங்க, எவனுக்கும் ஏழு நிமிஷம் வரல. அப்பத்தான் ஆரம்பிச்சுது, இந்தம்மா சொன்னது நிஜமான்னு.

சரிங்க, வால்வைப் பத்தி நீங்க கேட்ட அந்த ரெண்டாவது கேள்விக்கு வரேன். மேஜையை ஏன் தட்டுறீங்க?

ஆமா, கொட்டகைச் சுவத்துல ஒரு பெட்டி இருக்கு. ஹைட்ரஜன் கசிஞ்சா கத்துறது. அது கத்துறதோட நிக்கலையாம், வால்வு எப்பத் திறந்துச்சு, எப்ப மூடுச்சுன்னு ஒவ்வொண்ணையும் உள்ள குறிச்சு வெச்சுக்கிட்டே இருந்திருக்கு. எனக்கே தெரியாது. பாதுகாப்பு ஆபீஸ்காரனுக்கே மறந்து போச்சு. போன வாரம் கமிட்டிக்காரங்க தோண்டி எடுத்தாங்க. அன்னைக்கு வால்வு ஒரு தடவை இல்லை, ரெண்டு தடவை திறந்திருக்கு. பத்து பத்துக்கு ஒண்ணு, பத்து பதினேழுக்கு ஒண்ணு. அதை வெச்சுத்தான் இந்த ஆட்டம். முதல் ட்யூப் கேட்டுல மாட்டிக்கிச்சுன்னதும், மேடம் பாலத்துல திரும்பி வந்து புதுசா ஒரு ட்யூப் தயாரிச்சு, அதை மெஷின்ல விட்டுட்டு, பழசுன்னு எழுதிட்டாங்க. அதான் அவங்க சொல்றது. ஏழு மாச வயித்தோட பாலத்துல ஓடி வந்தாங்களாம். அறிவு வேணாமா?

கத்தல. சரி, கத்தல. உட்காருங்க.

அந்தச் சுவத்துப் பெட்டிக் கோளாறுன்னு சொல்லலாம்னுதான் சார் வந்தேன். படியேறும்போது வரைக்கும் அதான் நினைப்பு. வால்வுக்குள்ள ஓரிங், அந்த ரப்பர் வளையம், தேய்ஞ்சா அழுத்தம் குதிக்கும், பெட்டி அதையும் திறந்ததா எடுத்துக்கும்னு, தொழில்காரன் சொன்னா எவன் மறுக்கப் போறான். இந்த மூணு வரிக்குக் கீழ அதை ஒரு வரியா அடிக்கச் சொல்லிட்டு, பெருக்கல் குறி மேல கிறுக்கிட்டு, வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிருப்பேன். விதி உங்களுக்குத் தெரியும்தானே? வெளியாள் வால்வைத் தொட்டான்னு தெரிஞ்சா அன்னைக்கே லைசென்ஸ் போச்சு. இந்த வளாகம் மட்டும் இல்லை, எங்கயும் ஒரு சிலிண்டர் இறக்க முடியாது. ரெண்டு வண்டி, நாலு ஆளு, என் பேரு.

ஆனா இந்தத் தடுப்பு வெறும் கண்ணாடிங்க, சத்தம் தாண்டி வரும். நீங்க தாள் எடுக்க அந்தப் பக்கம் போனீங்களே, அப்ப மேடம் குரல் கேட்டுச்சு. வேற யார்கிட்டயாவது சாவி இருந்துச்சான்னு ஒருத்தர் கேட்டார். மேடம் சொன்னாங்க, இல்லை, என்கிட்ட மட்டும்தான் இருந்துச்சு. ரெண்டு தடவை கேட்டார். ரெண்டு தடவையும் அதேதான்.

இது என்னன்னு பாருங்க. வாசல்ல போனை வாங்கினாங்க, சாவிக்கொத்தை விட்டுட்டாங்க. இது வண்டி, இது வீடு, இது கிடங்கு. இந்தச் சின்ன பித்தளை, தலையில பச்சை பெயிண்ட் இருக்கே, இது கொட்டகை வால்வு. வயிறு பெருசாகப் பெருசாக ரெண்டு பக்கமும் அலைய முடியலண்ணா, நான் மெஷின்கிட்ட இருக்கேன், நீங்களே குமிழ் விட்டுக் கொண்டு வந்துடுங்கன்னு அவங்க கையால கொடுத்தது. தாள்ல அவங்க பேரையே எழுதிப்பாங்க, எனக்குத் தொந்தரவு வரக்கூடாதுன்னு. அவங்களால அலைய முடியாத அந்த ரெண்டு மாசமும் வால்வைத் திறந்தது மூடினது எல்லாம் நான்தான். அன்னைக்கு ரெண்டு தடவையும் நான்தான்.

ஏனா? பேட்டரி சார். முந்தின நாள் சார்ஜ் போட்டேன், சுவிட்சைத் தட்டல. அவ்வளவுதான். மதில்கிட்ட ஓடிக்கிட்டே குனிஞ்சு பார்க்குறேன், சிவப்பு விளக்கு செத்துக் கிடக்குது. இரும்பைத் தாண்டியாச்சு, உள்ள இருக்குறதும் போயிருக்கும். ஒரு நாளும் ஏமாத்தாதுன்னு நெஞ்சைத் தட்டினவன் நான். கடைசிச் சொட்டு மருந்து. ஆனா அதுல பாதியை இன்னொரு ட்யூப்ல ஊத்தி வெச்சிருந்தேன், கை தவறி உடைஞ்சா இருக்கட்டும்னு. மேடத்துக்குச் சொல்லல. திரும்பி ஓடினேன், வண்டி பேட்டரியைக் கழட்டி மாட்டினேன், குமிழ் விட்டேன், ஓடினேன். ஏன் தாமதம்னு கேட்டாங்க. நாக்குல என்ன வந்துச்சோ அதைச் சொன்னேன். தாமதத்துக்குத்தான் சார் பொய் சொன்னேன், ரிசல்ட்டுக்கு இல்லை. கோடு நிமிர்ந்ததும் சொல்லிடலாம்னு வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அண்ணான்னு கையைப் பிடிச்சுட்டாங்க. கையை நீட்டி ஒரு இடத்தைக் காட்டிட்டேன். சும்மா, தோணின இடம்.

அவங்களுக்குத் தெரியுமான்னு கேட்குறீங்க. என்ன கேள்வி சார் இது. சாவி யார்கிட்ட இருந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியாதா? போன செவ்வாய்க்கிழமை அந்தக் குறிப்பை மேஜையில போட்டப்பவே புரிஞ்சிருக்கும். ரெண்டு வருஷம் எங்க போச்சுன்னு புரிஞ்சிருக்கும். அதுக்கப்புறம் நாலு தடவை நேருக்கு நேர் பார்த்துட்டேன். அதைப் பத்திக் கேட்கவே இல்லை. இன்னைக்குக் காலையில படிக்கட்டுல எதிர்ல வந்தாங்க. சாப்பிட்டீங்களாண்ணான்னாங்க. நான் ஆச்சுன்னேன். ஆகல.

செவ்வாய்க்கிழமைதான் என் வீட்டுக்காரிகிட்ட சொன்னேன். நான் கத்தினா திருப்பிக் கத்துற ஆளு அவ. கத்தல. அடுப்பை அணைச்சுட்டு உட்கார்ந்தா. அந்தப் பொண்ணு குழந்தையை நம்மகிட்ட விட்டுட்டுத்தானே அந்த வட்டத்துக்கு உன்னை இழுத்துக்கிட்டுப் போகும்னா. அப்புறம் சோறு மட்டும் போடுறா.

ஏன் எனக்காக அவங்க அப்படிச் சொல்லணும்னு எனக்கு விளங்கலைங்க. கோபத்துல ரெண்டு அறை விட்டிருந்தா வாங்கிக்கிட்டுப் போயிருப்பேன். எனக்கு அதுதான் தெரியும். இது எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல.

விசிலை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கோங்க. அவன் சொன்னதை டீ மயக்கம்னு ஏதாவது எழுதிக்கலாம், முடியுமா? முடியாதா. சரி, கேட்டுப் பார்த்தேன்.

இந்தத் தாள் வேண்டாம் சார், எடுத்துடுங்க. புதுசா ஒண்ணு வைங்க. ரெண்டே வரிதான், மூணு மணிக்கு நிறைய நேரம் இருக்கு. நான் மெதுவாச் சொல்றேன், நீங்க அடிங்க. அன்று கேட் ரெண்டு பக்கமும் திறந்து கிடந்தது. நான் அங்கே ஒரு செகண்ட்கூட நிற்கவில்லை.